பால் சேராத வயிறு

கேள்வி: அனுப்பர்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லராக இருக்கிறேன். வயது 36. காலையில் சமைத்துக் கட்டி வைத்துவிட்டு, சாப்பிட நேரமில்லாமல் ஒரு பெரிய டம்ளர் பாலில் ஊட்டச்சத்து பவுடர் கலந்து குடித்துவிட்டு ஓடுவேன். மிஷினில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் ஆவதற்குள் வயிறு உப்பிக்கொண்டு கடமுடவென்று சத்தம் போடுகிறது. மதியம் தயிர்சாதம் சாப்பிட்டாலும் அதே கதை. சில நாள் இளக்கமாகப் போய்விடுகிறது. பீஸ் ரேட் வேலை, எழுந்து எழுந்து போக முடியாது. மெடிக்கலில் கேஸ் மாத்திரை வாங்கிப் போட்டேன், கேட்கவில்லை. பக்கத்து மிஷின் அக்கா, "உனக்குப் பால் சேரலை, உட்டுரு" என்கிறார். நான் மாடு கட்டியிருந்த வீட்டில் பிறந்து பால் குடித்து வளர்ந்தவள். இப்போது மட்டும் எப்படிச் சேராமல் போகும்? எலும்பு தேய்ந்துவிடும் என்ற பயத்தில் ராத்திரியும் ஒரு டம்ளர் குடிக்கிறேன். நிறுத்திவிடலாமா?

பதில்: பக்கத்து மிஷின் அக்கா சொன்னதில் முதல் பாதி பெரும்பாலும் சரியாக இருக்கும். இரண்டாம் பாதியை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். பாலை அடியோடு விட வேண்டியவர்கள் மிகச் சிலர். மற்றவர்கள் எதை, எவ்வளவு, எப்போது என்று மாற்றிக்கொண்டாலே போதும். உங்கள் கடிதத்திலேயே பாதி விடை இருக்கிறது.

பாலில் இருக்கும் சர்க்கரைக்கு லாக்டோஸ் என்று பெயர். அதை அப்படியே உடலால் உறிஞ்ச முடியாது. சிறுகுடலின் உட்சுவரில் சுரக்கும் லாக்டேஸ் என்ற நொதி அதைக் குளுக்கோஸ், காலக்டோஸ் என்று இரண்டாக வெட்டித்தர வேண்டும். பால் மட்டுமே குடிக்கும் கைக்குழந்தைக்கு இந்த நொதி ஏராளம். தாய்ப்பால் மறந்த பிறகு பெரும்பாலான மனிதர்களிடம் அது படிப்படியாகக் குறைகிறது. சிலருக்குப் பள்ளிப் பருவத்திலேயே குறைந்துவிடும், சிலருக்கு இருபது முப்பது வயதில்தான் அதன் விளைவு தெரியும். நொதி குறைந்தால் வெட்டுப்படாத லாக்டோஸ் பெருங்குடலுக்கு இறங்குகிறது. போகிற வழியில் தண்ணீரைத் தன்னோடு இழுத்துக்கொள்வதால் மலம் இளகுகிறது. அங்கே இருக்கும் கிருமிகள் அதைப் புளிக்கவைத்து வாயுவாக்குவதால் வயிறு உப்புகிறது, சத்தம் போடுகிறது, முறுக்கி வலிக்கிறது. குடித்த அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் இது தொடங்கிவிடும். நீங்கள் சொல்லும் நேரக்கணக்கு இதோடு பொருந்துகிறது. கேஸ் மாத்திரை ஏன் கேட்கவில்லை என்பதும் இப்போது புரிந்திருக்கும். அது பெரும்பாலும் இரைப்பையில் அமிலம் சுரப்பதைக் குறைக்கும் மருந்து. உங்கள் தொல்லை நடக்கும் இடம் பெருங்குடல்.

இதை ஒரு நோய் என்று எண்ணிக் கவலைப்படாதீர்கள். உலகில் பெரியவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பேருக்கு லாக்டோஸ் முழுமையாகச் செரிப்பதில்லை. தென்னிந்தியாவில் நாம்தான் பெரும்பான்மை. 1981-ல் வெளியான ஓர் ஆய்வில் ஆரோக்கியமானவர்களுக்கு லாக்டோஸ் கொடுத்துப் பரிசோதித்தார்கள். தில்லியில் 27.4 சதவீதம் பேருக்கு அது செரிக்கவில்லை. திருவனந்தபுரம், புதுச்சேரி ஆகிய இரண்டு மையங்களில் சேர்த்து 66.6 சதவீதம். பெரியவர்களான பிறகும் லாக்டேஸ் குறையாமல் காக்கும் ஒரு மரபணு மாற்றம் உண்டு. ஹைதராபாத் சி.சி.எம்.பி. ஆய்வு மைய விஞ்ஞானிகளும் பங்கேற்ற பெரிய ஆய்வு ஒன்று, இந்தியாவின் வடமேற்கிலிருந்து தென்கிழக்கே வர வர அது குறைந்துகொண்டே போவதைக் காட்டியது. நம் பக்கத்திலேயே ஒரு விதிவிலக்கு இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக எருமை மேய்த்துப் பாலை நம்பி வாழ்ந்த நீலகிரித் தோடர்களிடம் அந்த மாற்றம் மிக அதிகம். வீட்டில் மாடு இருந்ததாலோ சிறுவயதில் நிறையக் குடித்ததாலோ அது வந்துவிடாது, பிறப்பிலேயே வர வேண்டும். உங்கள் கம்பெனியில் வேலை செய்யும் வடக்கத்தி இளைஞர் ஒருவர் சொம்பு நிறையப் பால் குடித்துவிட்டு நிம்மதியாக வேலை பார்த்தால், அதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம்.

சரி, உங்கள் ஒருநாள் கணக்கைப் பார்ப்போம். 100 மில்லி பசும்பாலில் நாலரை முதல் ஐந்து கிராம் வரை லாக்டோஸ் இருக்கிறது. எருமைப் பாலிலும் கிட்டத்தட்ட அதே அளவு. நொதி குறைந்தவர்களிலும் பெரும்பாலானோர் ஒரு வேளைக்கு 12 கிராம் வரை, அதாவது சுமார் 250 மில்லி பால் வரை, பெரிய தொல்லையின்றித் தாங்குவார்கள் என்பது மருத்துவ உலகில் பொதுவாக ஏற்கப்பட்ட அளவு. ஆனால் சாப்பாட்டோடு குடித்தால்தான் அந்தத் தாக்குப்பிடிப்பு முழுசாகக் கிடைக்கும். வெறும் வயிற்றில் குடித்தால் பால் வேகமாகச் சிறுகுடலுக்குள் போய்விடுகிறது, இருக்கிற கொஞ்சம் நொதிக்கும் வேலை செய்ய அவகாசம் இல்லை. நீங்கள் காலையில் வெறும் வயிற்றில் ஒரு பெரிய டம்ளர் பால் குடிக்கிறீர்கள், அதில் போடும் பவுடரிலும் பெரும்பாலும் பால் பவுடர் கலந்திருக்கும். நீங்கள் செய்யும் பெரிய தவறு அந்த ஒரு டம்ளர்தான். அதை நிறுத்திவிட்டு இரண்டு இட்லியோ, ஒரு கிண்ணம் ராகிக் கூழோ சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். நேரமில்லை என்பது எனக்குத் தெரியும். முந்தின இரவே கரைத்து வைத்த கூழுக்கு அடுப்புக்கூட வேண்டாம்.

பதினோரு மணி டீ? ஒரு டீக்கடைக் கிளாஸில் பால் அறுபது எழுபது மில்லிதான் இருக்கும். மூன்று கிராம் லாக்டோஸ். அது ஒன்றே உங்களைத் தொல்லைப்படுத்துவது கடினம். ஒன்றரை ஷிப்ட் ஓடும் நாளில் நாலு டீ குடித்தாலும், இடையில் மணிக்கணக்கில் இடைவெளி விழுவதால் பலருக்கு ஒன்றும் செய்யாது. ஆனால் டீயும் காப்பியும் பால் இல்லாமலேயே குடலை முடுக்கிவிடும். எனவே ஒரு வாரம் வரக்காப்பியோ பால் இல்லாத டீயோ குடித்துப் பாருங்கள். அப்போதும் அதே தொல்லை என்றால் பாலின் மேல் பழி போடாதீர்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது மதியத் தயிர்சாதம். தயிர் பொதுவாக ஒத்துக்கொள்ள வேண்டிய பொருள். பால் தயிராகும்போது கிருமிகள் லாக்டோஸில் ஒரு பகுதியைத் தின்று அமிலமாக்கிவிடுகின்றன. மிச்சம் இருப்பதை வெட்டவும், தயிரில் உயிரோடு இருக்கும் அதே கிருமிகளின் நொதி நம் குடலுக்குள் வந்து உதவுகிறது. அப்படியிருக்க உங்களுக்கு ஏன் பொருமுகிறது? காலை ஏழு மணிக்குக் கட்டும் தயிர்சாதம் மதியத்துக்குள் புளித்துவிடக் கூடாது என்று நம் வீடுகளில் என்ன செய்வோம்? சோற்றில் காய்ச்சிய பாலை ஊற்றிக் குழையப் பிசைந்து, மேலே ஒரே ஒரு கரண்டி தயிர் விடுவோம். ஒரு மணிக்குத் திறக்கும்போது அது அரைகுறையாகத்தான் உறைந்திருக்கும். பெயர் தயிர்சாதம் என்றாலும் அது உண்மையில் பால்சாதம். நீங்களும் இப்படித்தான் பிசைகிறீர்களா என்று யோசித்துப் பாருங்கள். இதை மாற்றுவது எளிது. சோற்றை வெந்நீர் விட்டுக் குழைத்து, ஆறிய பிறகு முந்தின இரவு உறை ஊற்றிய கெட்டித் தயிரைச் சேருங்கள். புளிப்பு பிடிக்காதவர்கள் வெறும் சோற்றைக் கட்டிக்கொண்டு தயிரைத் தனி டப்பாவில் எடுத்துப் போகலாம்.

மோர் இன்னும் நல்லது. அரை டம்ளர் தயிரில் ஒரு செம்பு மோர் ஆகும்போது ஒரு டம்ளருக்கு வரும் லாக்டோஸ் மிகக் குறைவு. வெக்கையில் நாள் முழுக்க மிஷினில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும், பாய்லர் பக்கம் நிற்கும் டையிங், அயர்னிங் ஆட்களுக்கும் உப்புப் போட்ட மோரைவிட நல்ல பானத்தை நான் சொல்ல முடியாது. மோர்க்குழம்பில் கொதித்த பிறகு கிருமிகள் செத்துவிடும், ஆனாலும் லாக்டோஸ் ஏற்கெனவே குறைந்ததுதான்.

அனுப்பர்பாளையத்துக்காரர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். பித்தளைப் பாத்திரத்துக்குப் பேர்போன ஊர் உங்கள் ஊர். வீட்டில் பித்தளைச் சொம்பும் செம்புக் குடமும் இருக்கும், இப்போது அவை மறுபடியும் மரியாதைக்கு வந்திருக்கின்றன, எனக்கும் அதில் மகிழ்ச்சிதான். ஆனால் ஈயம் பூசாத பித்தளையிலோ செம்பிலோ தயிர், மோர், புளிக்குழம்பு வைக்கவே கூடாது. புளிப்பு பட்டதும் செம்பு கரைந்து இறங்கும். அதைக் குடித்தால் குமட்டல், வாந்தி, வயிற்றுவலி, பேதி வரும். "மோர்கூட எனக்குச் சேரலை" என்று சொல்பவர் முதலில் பாத்திரத்தைப் பார்க்க வேண்டும். உள்ளே ஈயம் தேய்ந்து மஞ்சளோ சிவப்போ தெரிந்தால் மறுபடி ஈயம் பூசும்வரை அதில் தண்ணீருக்கு மேல் எதுவும் வைக்காதீர்கள். உறை ஊற்ற மண்சட்டியும் எவர்சில்வரும் இருக்கின்றன.

நெய்யில் லாக்டோஸ் கிட்டத்தட்ட இல்லை, வெண்ணெயில் மிகக் கொஞ்சம். பனீருக்காகப் பால் திரியும்போது லாக்டோஸில் பெரும்பகுதி வடிநீரோடு போய்விடுவதால் அளவாகச் சாப்பிடலாம். இனிப்பில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பால்கோவா, பேடா என்று கோவாவில் செய்யும் எல்லாமே பாலை ஐந்தில் ஒரு பங்காகச் சுண்டக் காய்ச்சியவை. கையளவு பால்கோவாவில் ஒரு சின்ன டம்ளர் பாலின் லாக்டோஸ் அடங்கியிருக்கிறது. தீபாவளி போனஸோடு வரும் ஸ்வீட் பாக்ஸைத் திறந்தால் பால்கோவாவைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, கடலைமாவும் நெய்யும் சேர்ந்த மைசூர்பாகை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். ஜிம்முக்குப் போகும் தம்பிகள் குடிக்கும் வே புரோட்டீன் பவுடரிலும், விலை குறைந்த வகைகளில், லாக்டோஸ் நிறைய உண்டு. டப்பாவைப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள்.

பாலை மாற்றிப் பார்க்கலாமா என்ற கேள்வி அடுத்து வரும். காங்கேயம் காளையும் பசுவும் திருப்பூர் மாவட்டத்தின் பெருமை. அந்த இனம் பிழைக்க வேண்டும் என்று நினைப்பவர்களில் நானும் ஒருவர். ஆனால் நாட்டு மாட்டுப் பாலில் லாக்டோஸ் குறைவு என்பது உண்மையல்ல. ஏ2 என்று பேசப்படுவது பாலின் புரதத்தைப் பற்றியது, சர்க்கரை அதேதான். ஆட்டுப்பாலிலும் லாக்டோஸ் உண்டு. ஆவின் நீல பாக்கெட்டுக்கும் ஆரஞ்சு பாக்கெட்டுக்கும் வித்தியாசம் கொழுப்பில்தான். எவ்வளவு நேரம் கொதிக்கவைத்தாலும், மஞ்சள்தூளோ பூண்டோ தட்டிப்போட்டாலும் லாக்டோஸ் அழியாது. தண்ணீர் ஊற்றினால் ஒரு டம்ளரில் இருப்பது குறையும், அவ்வளவே.

இன்னொரு நம்பிக்கை பஞ்சுத் தூசியில் நிற்பவர்களிடமும், பாத்திரப் பட்டறையில் பாலிஷ் போடுபவர்களிடமும் ஆழமாக இருக்கிறது. ராத்திரி ஒரு டம்ளர் பால் குடித்தால் நெஞ்சில் படிந்த தூசி இறங்கிவிடும் என்பார்கள். இதை நம்பி, பேதி ஆனாலும் பரவாயில்லை என்று பாலை விழுங்குகிறார்கள். பால் போகும் குழாய் வேறு, தூசி போகும் குழாய் வேறு. நுரையீரலில் இறங்கிய தூசியைப் பால் தொடக்கூட முடியாது. தூசி உள்ளே போகாமல் தடுக்க மூக்கில் சரியாகப் பொருந்தும் மாஸ்க்கும், தூசியை உறிஞ்சி வெளியே தள்ளும் ஃபேனும்தான் வழி. அதைக் கேட்டு வாங்க வேண்டிய இடத்தில் ஒரு டம்ளர் பாலோடு சமாதானம் ஆகிவிடாதீர்கள்.

உங்களுக்கு உண்மையிலேயே லாக்டோஸ்தான் காரணமா என்று உறுதிப்படுத்திக்கொள்ள ஒரு வழி உண்டு. பெரிய மருத்துவமனைகளில் மூச்சுப் பரிசோதனை செய்வார்கள். வெறும் வயிற்றில் லாக்டோஸ் கரைசல் குடிக்கக் கொடுத்து, மூச்சில் வரும் ஹைட்ரஜனை அளப்பார்கள். செரிக்காமல் பெருங்குடலில் புளித்தால் அந்த வாயு ரத்தத்தில் கலந்து மூச்சில் வெளிவரும். ஆனால் எல்லோரும் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. இரண்டு வாரம் பால், பால் பவுடர் கலந்த பானம், கோவா இனிப்பு, ஐஸ்கிரீம் எதுவும் வேண்டாம். டீயும் பால் இல்லாமல்தான். மற்றதையெல்லாம் வழக்கம்போலச் சாப்பிடுங்கள். பாலோடு சேர்த்துப் பரோட்டாவையும் பஜ்ஜியையும் நிறுத்திவிட்டால் எதனால் குணமானது என்று தெரியாமல் போய்விடும். தொல்லை நின்றுவிட்டால், சனிக்கிழமை சம்பளம் வாங்கி வந்த மறுநாள், ஞாயிறு காலையில், வீட்டில் இருக்கும்போது வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் பால் குடித்துவிட்டு மதியம்வரை கவனியுங்கள். பழைய தொல்லை திரும்பினால் சந்தேகம் ஏறக்குறையத் தீர்ந்தது. திரும்பாவிட்டால் காரணம் வேறு, மருத்துவரைப் பாருங்கள். பால் பட்டாலே உடம்பு தடித்து அரிக்கும், உதடு வீங்கும், மூச்சு இழுக்கும் என்றால் அது ஒவ்வாமை, முற்றிலும் வேறு விஷயம். அவர்கள் இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது.

காரணம் உறுதியானதும் உங்கள் அளவைக் கண்டுபிடியுங்கள். சாப்பாட்டோடு கால் டம்ளர் பாலில் தொடங்கி, சில நாளுக்கு ஒருமுறை கொஞ்சம் கூட்டுங்கள். தினமும் சிறிது உள்ளே போய்க்கொண்டிருந்தால் பெருங்குடல் கிருமிகளும் அதற்குப் பழகுகின்றன, தொல்லை குறைகிறது. அடியோடு நிறுத்திவிட்டு ஒருநாள் கல்யாண வீட்டில் இரண்டு கப் பால்பாயசம் குடிப்பவர்தான் அதிகம் அவதிப்படுவார். அப்படிப்பட்ட நாட்களுக்கு லாக்டேஸ் மாத்திரை கிடைக்கிறது. பாயசம் குடிப்பதற்குச் சற்று முன்போ முதல் வாயோடோ போட்டால்தான் பயன். வயிறு பொருமிய பிறகு போட்டுப் பிரயோசனம் இல்லை. லாக்டோஸை முன்கூட்டியே வெட்டிய பாலை அமுல் போன்ற நிறுவனங்கள் விற்கின்றன, சாதாரணப் பாலைவிட விலை அதிகம். கொஞ்சம் இனிக்கும், அது சேர்த்த சர்க்கரை அல்ல, வெட்டுப்பட்ட லாக்டோஸின் இனிப்பு. உங்கள் சம்பளத்தில் அதைத் தினமும் வாங்க வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை. அதே வேலையைத் தயிர் செய்கிறது.

எலும்பைப் பற்றிய உங்கள் பயம் நியாயமானது, அதை லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2020-ல் வெளியிட்ட பரிந்துரைப்படி பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு 1200. பாலில் 100 மில்லிக்கு 120 மில்லிகிராம்தான். ராகியில் 100 கிராமுக்கு 350 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. இரண்டு மூன்று மேசைக்கரண்டி எள்ளில் 250-க்கு மேல். முருங்கைக்கீரையும் அகத்திக்கீரையும் கால்சியத்தில் வளமானவை. முள்ளோடு தின்னும் நெத்திலியும் அப்படியே. காலையில் ராகி, மதியம் ஒரு டம்ளர் தயிர், வாரத்தில் சில நாள் கீரை, சாயங்காலம் ஓர் எள்ளுருண்டை என்று வைத்துக்கொண்டால் ராத்திரி டம்ளர் இல்லாமலே நெருங்கிவிடலாம். நம் பக்கத்துக் கொள்ளிலும் கால்சியம் நிறைய உண்டு. ஆனால் அதற்கும் வாயு உண்டாக்கும் குணம் இருப்பதால் சோதனை நடக்கும் இரண்டு வாரம் கூடுதலாகச் சேர்க்க வேண்டாம். கால்சியம் உடம்பில் ஒட்ட வைட்டமின் டி வேண்டும். காலை எட்டரைக்கு உள்ளே போய் இரவு எட்டரைக்கு வெளியே வருகிறவர் மேல் வெயில் படுவது ஞாயிற்றுக்கிழமைதான். உடல்வலி, முதுகுவலி இருந்தால் மருத்துவரிடம் சொல்லி அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். சைவம் மட்டும் சாப்பிடுபவர் பாலோடு தயிரையும் விட்டால் பி12 குறைந்துபோகும் என்பதால் அவர்கள் தயிரை விடவே கூடாது.

சில நேரம் லாக்டேஸ் குறைவது பரம்பரையால் அல்ல, குடல் புண்பட்டதால். கடுமையான பேதிக்குப் பிறகு சில வாரங்கள் பால் சேராது, குடல் ஆறியதும் தானே சரியாகும். சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களுக்கு அந்த மாத்திரையே வயிற்றைக் கலக்கும். தானாக நிறுத்தாமல் மருத்துவரிடம் கேளுங்கள். பல மாத்திரைகளில் லாக்டோஸ் சேர்ப்பது உண்டு. அது மில்லிகிராம் கணக்கு, அதற்குப் பயந்து எந்த மருந்தையும் விட வேண்டாம்.

மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, விடாத காய்ச்சல், ரத்தசோகை, நடுராத்திரியில் தூக்கத்தைக் கலைத்து எழுப்பும் பேதி, ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கும் வயிற்றுத் தொல்லை. இவற்றில் ஒன்று இருந்தாலும் பாலோடு பரிசோதனை செய்துகொண்டிருக்காதீர்கள். ஈ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் அதே வாரம் போய்க் காட்டுங்கள். லீவு போட்டால் காசு போகும் என்று இதைத் தள்ளிப்போட்டவர்கள் பலரைப் பார்த்து வருந்தியிருக்கிறேன். பாத்ரூம் போக வேண்டியிருக்குமே என்று தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பழக்கமும் வேண்டாம். பேதியோடு அதுவும் சேர்ந்தால் உடம்பு சீக்கிரம் சோர்ந்துவிடும்.

கம்பெனி நடத்துபவர்களும் சூப்பர்வைசர்களும் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். டீ கொண்டுவரும் அண்ணனிடம் இரண்டு கேன் கொண்டுவரச் சொல்லுங்கள். ஒன்றில் பால் டீ, இன்னொன்றில் சுக்குக் காப்பியோ வர டீயோ. கோடையில் மூன்று மணிக்கு ஒரு கேன் மோர். உங்கள் லைனில் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குப் பால் முழுசாகச் செரிக்காமல் இருக்க வாய்ப்பு உண்டு. அவர்கள் கூச்சத்தில் வாய் திறந்து கேட்க மாட்டார்கள்.